மருந்தின் நான்காம் கூறு

திருக்குறளில் 95ஆவது அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. பெயரைப் பார்த்து மூலிகைப் பட்டியல் இருக்கும் என்று புரட்டுபவர்களுக்கு ஏமாற்றந்தான். பத்துப் பாக்களில் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றியது. முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து உண்ண வேண்டும், நன்றாகப் பசித்த பிறகு உண்ண வேண்டும், அளவறிந்து உண்ண வேண்டும் என்பதையே வள்ளுவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்ற வகைப்பாடு கடைசிக் குறளில் வருகிறது. நோயாளி ஒருவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று. நான்காவதாக, நோயாளியின் அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்பவர். இவரை 'உழைச்செல்வான்' என்கிறார். 'உழை' என்றால் பக்கம்.

நோயாளிக்குக் கட்டில் தலைமாட்டில் ஒரு குறிப்பேடு தொங்குகிறது. மருத்துவருக்குப் பட்டமும் பெயர்ப்பலகையும் உண்டு. மருந்துப் பட்டையில் காலாவதித் தேதிகூட அச்சடித்திருக்கிறது. நான்காமவருக்கு மட்டும் எதுவும் இல்லை. அவர் தூங்கினாரா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், அவருடைய இரத்த அழுத்தம் என்ன என்று எந்த ஏட்டிலும் எழுதுவது கிடையாது. வள்ளுவர் ஆண்பாலில் சொன்னாலும் நம் வீடுகளில் இந்த நான்காமவர் பெரும்பாலும் பெண். மனைவி, மகள், மருமகள். பல ஆண்டுகள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவர்களின் உடலில் என்ன நடக்கிறது, இழந்த ஆரோக்கியத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். 2011 முதல் 2020 வரை ஒன்பது ஆண்டுகள் நானும் அந்த இடத்தில் இருந்தவள். அதனால் படித்ததோடு பட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தீவில் பார்த்துக்கொள்வது

பராமரிப்பு எங்கும் சிரமந்தான். தீவில் அது இன்னும் ஒரு படி கூடுதல். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நம் போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். ஹேடோ துறைமுகத்தில் கப்பல் கட்டினால் ஊதுகுழல் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அந்தக் கப்பலில் காய்கறி வரும், உறவினர் வருவார்கள், மேல்சிகிச்சைக்குப் போனவர்கள் திரும்புவார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு ஓர் அக்கா, ஒரு சித்தி, பக்கத்துத் தெருவில் ஒரு நாத்தனார் இருப்பார். "நீ போய்க் கொஞ்சம் கண்ணசரு, நான் பாத்துக்கறேன்" என்று வந்து உட்காருவார். கடல் தாண்டி வந்த குடும்பங்களில் பலருக்கு அந்த ஆள் இல்லை. பிள்ளைகளும் படிப்பு, வேலை என்று சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். இரண்டு மூன்று பேர் பகிர வேண்டிய வேலை ஒருவர் தலையில் விழுகிறது.

என் மாமியாருக்கு 2011இல் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்தன. ஐந்தரை ஆண்டுகள் படுக்கை. அவர் போன அடுத்த ஆண்டே என் கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தது. பள்ளி ஆசிரியை வேலையை விட்டு விருப்ப ஓய்வு வாங்கினேன். தொடங்கும்போது என் எடை 59 கிலோ. 2020 இறுதியில் 76 கிலோ. உயரம் 154 சென்டிமீட்டர், இடுப்புச் சுற்றளவு 101 சென்டிமீட்டர். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையில் 6.2 வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. அப்போது எனக்கு வயது 54.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 41 பேர் வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார்கள். ஆண்களில் 21 பேர். அந்தப் பெண்கள் அதற்குக் கொடுத்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய 140 நிமிடம், ஆண்கள் கொடுத்தது 74 நிமிடம். இதில் குழந்தை வளர்ப்பும் அடங்கும். ஆனாலும் பளு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு.

எடை எங்கிருந்து வருகிறது?

"நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கா, அப்புறம் எப்படி உடம்பு போடுது?" என்று பலரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் நான்கு பகுதிகளாக இருக்கிறது.

முதலாவது தூக்கம். நோயாளியை இரவில் இரண்டு மூன்று முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், சிறுநீருக்கு எழ வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். தூக்கம் துண்டு துண்டாகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்க விட்டார்கள். இன்னொரு முறை பத்து மணி நேரம். குறைந்த தூக்கத்தில், வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் நூற்றுக்கு 18 குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் நூற்றுக்கு 28 கூடியது. பசி நூற்றுக்கு 24 கூடியது. அதிலும் இனிப்பு, மாவுப் பண்டங்களின் மேல்தான் நாட்டம் அதிகம். இரண்டே இரவுகளில் இந்த மாற்றம். ஆண்டுக்கணக்கில் கண் விழிப்பவருக்குப் பசி அடங்காமல் இருப்பதில் வியப்பில்லை. அவரைப் பார்த்து 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று சொல்வது அறியாமை.

இரண்டாவது சாப்பிடும் விதம். பார்த்துக்கொள்பவருக்கென்று ஒரு வேளை கிடையாது. நோயாளி பாதி விட்ட கஞ்சி, ஒன்றரை இட்லி, ஊறிய பன், ஆறிப்போன பால் எல்லாம் 'வீணாப் போகுதே' என்று அவர் வயிற்றுக்குள் போகும். மதியச் சோறு மூன்று மணிக்கு, அதுவும் நின்றுகொண்டே. ராத்திரி விழித்திருக்கத் தேநீரும் ரஸ்க்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டு ஆறு தேநீர் என்றால் 12 தேக்கரண்டி, ஏறக்குறைய 60 கிராம் சர்க்கரை. சர்க்கரையில் மட்டும் 240 கலோரி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது.

மூன்றாவது அசைவு. ஆளைத் தூக்குவதும் புரட்டுவதும் கடுமையான வேலைதான். ஆனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மிச்ச நேரம் நான்கு சுவருக்குள், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சேதம் வரும், இதயத்துக்குப் பயிற்சி கிடைக்காது. இந்த ஆண்டுகள் பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் வருகின்றன. மாதவிடாய் நிற்கும் காலமும் அதுவே. அப்போது தசை குறைகிறது, தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது.

நான்காவது மனச்சுமை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1995இல் ஒரு சிறு ஆய்வு நடந்தது. மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொண்ட 13 பெண்களுக்கும், அந்தப் பொறுப்பு இல்லாத அதே வயதுடைய 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவில் மிகச் சிறிய காயம் செய்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது, பராமரிப்பவர்களுக்கு 48 நாளுக்கு மேல் ஆயிற்று. 1999இல் வெளியான இன்னோர் ஆய்வில், கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு, அதனால் அழுத்தத்துக்கும் உள்ளான முதியவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நூற்றுக்கு 63 அதிகமாக இருந்தது. அழுத்தம் உணராமல் பராமரித்தவர்களிடம் அந்தக் கூடுதல் காணப்படவில்லை. ஆகவே பாசத்தோடு பார்த்துக்கொள்வது உடலைக் கெடுப்பதில்லை. ஓய்வும் துணையும் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் கெடுக்கிறது. இந்த வேறுபாட்டை நாம் நன்றாக மனத்தில் வைக்க வேண்டும்.

எடைக்கல்லும் அளவு நாடாவும்

நம்மவர் உடலைப் பொறுத்தவரை எடை பாதிச் செய்திதான். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவர் படத்தையும் போட்டு ஒரு குறிப்பு எழுதினார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதமாகிய பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்திய உடல்வாகை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

இதனால்தான் நமக்கு எல்லைக்கோடுகள் தாழ்வாக வகுக்கப்பட்டுள்ளன. பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை இயல்பாக விட்டு அளக்க வேண்டும். புடவைக்கட்டின் மேல் அளப்பதில் பயனில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக இடுப்பையும் அளந்தார்கள். இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு இடுப்பு அளவு எல்லை தாண்டியிருந்தது. ஆண்களில் 12 பேர். தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் முந்தைய கணக்கெடுப்பில் நூற்றுக்கு 30.9 ஆக இருந்து 40.4 ஆகியிருந்தார்கள்.

சென்னையிலிருந்து ஒரு நல்ல செய்தி

நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் திரும்பி வர முடியுமா? இதற்கு நம் மக்களிடமே செய்த ஆய்வுகள் இருக்கின்றன. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் 531 பேரிடம் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. எல்லாருமே நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் பழகியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40 பேர். அதாவது நடை, உணவு இரண்டும் மாத்திரைக்கு ஈடாக நின்றன.

இந்த ஆய்வில் இன்னொரு செய்தி எனக்கு மிகவும் ஆறுதல் தந்தது. நடையும் உணவும் பழகியவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. அப்படியும் நீரிழிவு குறைந்தது. எடைக்கல் முள் நகராத மாதங்களிலும் உள்ளே நன்மை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பின்னர் சென்னையிலேயே அதிக எடையுள்ள 578 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட டி-கிளிப் ஆய்வில், குழுவாகச் சேர்ந்து பயிற்சி பெற்று, தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையும் சேர்த்தபோது, நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 32 குறைந்தது.

நான் பின்பற்றிய வரிசை

எடை குறைக்க வேண்டும் என்றவுடன் எல்லாரும் சோற்றில் கை வைக்கிறார்கள். நீண்ட பராமரிப்பிலிருந்து வெளியே வருபவருக்கு அந்த வரிசை பொருந்தாது. என் மருத்துவர் முதலில் பரிசோதனை, பிறகு தூக்கம், பிறகு நேரத்துக்குச் சாப்பாடு, பிறகு நடை, கடைசியாக எடை என்று சொன்னார். ஏன் இந்த வரிசை என்பதைப் போகப்போகப் புரிந்துகொண்டேன்.

பரிசோதனை: சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, இரத்தசோகை, தைராய்டு. தைராய்டு குறைவாகச் சுரந்தால் சோர்வும் எடையும் சேர்ந்தே வரும். அதை விட்டுவிட்டுப் பட்டினி கிடப்பதில் அர்த்தமில்லை. மனச்சோர்வையும் இங்கே சேர்க்க வேண்டும். துக்கம் இயல்பானது. ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டு இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

தூக்கம்: கணவருக்கு இரவு இரண்டு மணிக்கு ஒரு மாத்திரை உண்டு. அவர் போன பிறகும் சரியாக இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். கொடுக்க மருந்தும் இல்லை, வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. இந்தப் பழக்கம் கலைய நான்கு மாதம் பிடித்தது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, மாலை மூன்று மணிக்கு மேல் தேநீர் இல்லை, விழிப்பு வந்தால் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டுத் தூக்கம் வரும்போது படுப்பது, காலை வெளிச்சத்தில் அரைமணி இருப்பது. இவ்வளவுதான் செய்தது. காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தைத் திருத்தும். அதில் நம் தீவுக்கு ஒரு வசதி. இந்திய நேரப்படி இங்கே ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்துக்கு இருட்டு. ஆகவே சீக்கிரம் எழுந்து சீக்கிரம் படுப்பதே இந்த மண்ணுக்கு ஒத்த வழக்கம்.

தூக்கத்தை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பத்துப் பேருக்கு ஒரே குறைந்த உணவைக் கொடுத்து, இரண்டு வாரம் நன்றாகத் தூங்கவும் இரண்டு வாரம் குறைவாகத் தூங்கவும் செய்தார்கள். இரு முறையும் குறைந்த எடை ஏறக்குறைய 3 கிலோ. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு; தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான் கொழுப்பு, மற்றதில் பெரும்பகுதி தசை முதலியன. 50 வயதுக்கு மேல் தசையை இழந்து எடையைக் குறைப்பது நட்டம்.

சாப்பாடு: மூன்று வேளையும் உட்கார்ந்து, தட்டில் போட்டு, நேரத்தில் சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு மாதம் அளவைக் குறைக்கவே இல்லை. பிறகு தட்டின் பாதி காயும் கீரையும், கால்பங்கு மீனோ பருப்போ முட்டையோ, கால்பங்கு சோறு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2,000 கலோரித் தட்டில் சமைக்காத தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்பு அல்லது மீன், முட்டை 85 கிராம், எண்ணெய் 27 கிராம். நம் வீட்டில் தானியம் இதற்கு இரட்டிப்பும் காய் கால்வாசியுமாக இருப்பது வழக்கம். என் தேவைக்கு இந்தத் தட்டிலும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்கள்.

"கப்பல் வரலேன்னா காய்க்கு எங்க போறது? வந்தாலும் விலை என்னன்னு தெரியுமா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். உண்மைதான். ஆனால் கப்பலை எதிர்பார்க்காத காயும் இங்கே நிறைய. நாம் நல்லி பாஜி என்று வாங்கும் நீர்க்கீரை, பசலை, முருங்கைக்கீரை, பப்பாளிக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு. கொத்தமல்லிக்கு வேலியோரத்துப் பர்மா தனியா. மீனுக்குப் பஞ்சமே இல்லை. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். வயது ஏற ஏறத் தசையைக் காக்கும் சத்து அதுதான். குறைக்க வேண்டியது குழம்பில் விடும் தேங்காய்ப்பாலும் பொரிக்கும் எண்ணெயும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. சூரை மீனைப் பொரிப்பதற்குப் பதில் புளிக்குழம்பாக வைத்தால் சுவையும் போகாது.

நடை: உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி. எடுத்த எடுப்பில் அதைச் செய்ய முழங்கால் விடாது. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் வீட்டு முற்றத்தில் பத்து நிமிடம் என்று ஆரம்பித்தேன். சாப்பிட்ட பின் நடந்தால் சர்க்கரை ஏற்றம் மட்டுப்படும். மூன்று மாதம் கழித்துக் காலையில் சாத்தம் பாலம்வரை போய்த் திரும்பினேன். நம் ஊர்த் தெருக்கள் எல்லாம் ஏற்ற இறக்கம். ஏற்றத்தில் நடப்பது சமதரையைவிட நல்ல பயிற்சி. இறக்கத்தில்தான் முழங்காலுக்குப் பளு, அங்கே சிற்றடி வைத்து மெதுவாக இறங்க வேண்டும். மழை நாளில் வராந்தா. தசைக்கு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. இதற்குச் செலவே இல்லை.

எடை நகராத மாதங்கள்

முதல் மூன்று மாதம் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. இடுப்பு மட்டும் 3 சென்டிமீட்டர் குறைந்தது. அந்த நேரத்தில் நாடா இல்லாதிருந்தால் நானும் விட்டிருப்பேன். பிறகு மாதம் அரைக் கிலோ, சில மாதம் ஒன்றுமில்லை. இரண்டரை ஆண்டில் 76இலிருந்து 67 கிலோ. இடுப்பு 101இலிருந்து 90. எச்.பி.ஏ.1சி 5.8. இன்னும் 80ஐத் தொடவில்லை, தொடாமலும் போகலாம். ஆனால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை, தரையில் உட்கார்ந்து எழ முடிகிறது.

வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைப்பது நல்லதல்ல என்பது ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை. வேகமாகக் குறைத்தால் தசை கரையும், பித்தப்பையில் கல் வரலாம். இப்போது எடைக்கென்று ஊசி மருந்துகள் வந்துள்ளன. சிலருக்கு அவை உண்மையிலேயே தேவை. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பொடி வாங்கிக் குடிப்பது வேண்டாம்.

உடலைவிடக் கடினமாக இருந்தது ஊர்ப் பேச்சு. கணவனை இழந்த பெண் காலையில் காலணி போட்டு நடந்தால், "அவர் போன பிறகு இவங்களுக்கு வந்த தெம்பைப் பாருங்க" என்று ஒரு குரல் வரும். கொஞ்சம் மெலிந்தால் "என்னம்மா, உடம்புக்கு ஏதும் வியாதியா?" என்று இன்னொன்று. நன்றாகச் சாப்பிட்டால் துக்கம் இல்லை என்றும், சாப்பிடாமலிருந்தால் பாசம் அதிகம் என்றும் ஓர் எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. இதனால் பரிசோதனைக்குக்கூடப் போகாத பெண்களை எனக்குத் தெரியும். போனவருக்கு நம் உடம்பைக் காணிக்கையாகக் கொடுப்பதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு நோயாளி கிடைப்பதுதான் மிச்சம். அவர்களில் யாரோ ஒருவர் அடுத்த நான்காமவர் ஆக வேண்டியிருக்கும்.

இப்போது பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு

இதைப் படிக்கும் பலர் இன்னும் அந்தக் கட்டிலின் பக்கத்திலேயே இருப்பீர்கள். எல்லாம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம் என்று தள்ள வேண்டாம். பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. நோயாளியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் நாளில் உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்; இரண்டாம் முறை அலைய வேண்டாம். உங்கள் சாப்பாட்டைத் தட்டில் தனியாகப் போட்டு வையுங்கள். நோயாளி விட்ட மிச்சம் மிச்சமாகவே போகட்டும். ஆளைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். அடியில் ஒரு போர்வையை விரித்து, இருவராக இழுத்து நகர்த்துவது இன்னும் நல்லது. வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் விழித்திருக்கட்டும். மகனோ கணவனோ "எனக்கு அதெல்லாம் வராது" என்று சொன்னால், ஒரு தாளில் மருந்து நேரத்தை எழுதிக் கையில் கொடுங்கள். வராத வேலை என்று எதுவும் இல்லை, பழகாத வேலைதான்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. அந்த அளவுக்கு நம்மால் முடியாது. ஆனால் ஹேடோ, டெலானிப்பூர், ஜங்கிலிகாட் என்று பகுதிவாரியாக, படுக்கையில் ஆள் உள்ள வீடுகளின் பட்டியல் ஒன்றை நாம் தயாரிக்க முடியும். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஓய்வு பெற்றவர்கள் இருவர் போய் அங்கே உட்கார முடியும். அந்த இரண்டு மணி நேரத்தில் அந்த வீட்டுப் பெண் தூங்கட்டும், நடக்கட்டும், தன் மருத்துவரைப் பார்க்கட்டும். அடுத்த மருத்துவ முகாமில் பராமரிப்பவர்களுக்கென்று ஒரு தனி வரிசையும் ஓர் அளவு நாடாவும் வைப்போம். முதல் பட்டியலை எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஹேடோ வீடுகளிலிருந்து தொடங்கலாம்.